மலைப்பாதைக்கு எத்தனை குதிரைகள்?

சாலையை விட்டிறங்கிக் காட்டுத் தடங்களிலும் கற்சரிவுகளிலும் ஓட்டுவதற்கென்றே செய்யப்படும் மோட்டார் சைக்கிளை உலகெங்கும் ‘டர்ட் பைக்’ என்கிறார்கள். உயர்ந்த உடல், குறைந்த எடை, நீண்டு அமுங்கும் ஷாக் அப்சார்பர்கள், முண்டு முண்டான பற்களையுடைய டயர்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். இவ்வகை வண்டியில் பழகியவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: இதைவிடச் சக்திவாய்ந்த ஒன்றை வாங்கினால் என்ன? இலக்கியம் பேசும் இடத்தில் எந்திரத்துக்கு என்ன வேலை என்று நம் நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் மனிதர் ஒன்றை எவ்வளவு வேண்டும் என்று எண்ணுகிறார்கள், அது கைக்கு வந்தபின் அதை என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் நம் எல்லைக்கு உட்பட்ட செய்திகளே. இந்தக் கேள்விக்கு எழுபதாண்டுக் காலத்து விடைகள் உள்ளன. அவற்றைத் தொகுத்துப் பார்த்தால், காட்டுப்பாதையில் சக்தியின் அளவைவிட அச்சக்தி எந்த வேகத்தில், எவ்வளவு மென்மையாக வந்து சேர்கிறது என்பதே வெற்றி தோல்வியைத் தீர்மானித்திருக்கிறது என்று தெரிகிறது. வாங்குபவர்கள் மட்டும் அன்றும் இன்றும் அளவையே பார்த்து வாங்குகிறார்கள்.

முதலில் சொல்லைச் சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ‘குதிரைத்திறன்’ என்ற அலகு நீராவி எஞ்சினை விற்பதற்காக ஜேம்ஸ் வாட் பயன்படுத்திய ஒப்பீட்டிலிருந்து வந்தது. ஒரு நிமிடத்தில் ஒரு பவுண்டு எடையை 33,000 அடி உயரம் தூக்கும் வேலைக்கு அது சமம். அதாவது, குறிப்பிட்ட நேரத்துக்குள் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதன் அளவு அது. சக்கரத்தை ஒரு கணத்தில் எவ்வளவு வலுவாகத் திருப்ப முடியும் என்பது வேறொரு கணக்கு. பாடநூல்கள் இதை முறுக்குவிசை என்கின்றன. நம் ஊர்ப் பட்டறைக்காரரோ ‘இழுவை’ என்பார். “வண்டிக்கு ஸ்பீடு இருக்கு சார், இழுவைதான் இல்லை” என்று அவர் சொல்லும்போது, பொறியியல் மாணவர் ஒரு பருவம் முழுவதும் படிக்கும் வேறுபாட்டை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். ஓர் எஞ்சின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் முறை சுழன்று ஐம்பது குதிரைத்திறனைத் தரலாம். ஆனால் ஈரப் பாறையின்மேல் நடைவேகத்தில் ஏறும்போது அது இரண்டாயிரம் முறைதான் சுழலும். அந்த இடத்தில் விளம்பரத்தில் கண்ட ஐம்பதுக்குப் பொருளே இல்லை.

இந்த உண்மையை வெகுகாலம் முன்பே அறிந்திருந்தவர்கள் பிரிட்டனின் ‘ட்ரையல்ஸ்’ ஓட்டிகள். ட்ரையல்ஸ் என்பது வேகப் பந்தயமன்று. பாறைகளும் ஓடைகளும் சேறும் நிறைந்த பகுதிகளைக் கால் ஊன்றாமல் கடப்பதே போட்டி. ஒருமுறை ஊன்றினால் ஒரு புள்ளி, பலமுறை ஊன்றினால் மூன்று, நின்றுவிட்டால் ஐந்து என்று குற்றப்புள்ளிகள் சேரும். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் நடைபெறும் ஆறுநாள் போட்டி இவற்றில் பெரும்புகழ் வாய்ந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இக்களத்தை ஆண்டவை 350, 500 சிசி அளவுள்ள ஒற்றைச் சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள். கனத்த சுழல்சக்கரம் கொண்ட அந்த எஞ்சின்கள் மிக மெதுவாகச் சுழன்றும் அணையாமல் இழுத்தன.

இந்த வரிசையில் நமக்கு நெருக்கமான பெயர் ஒன்றுண்டு. ஜானி பிரிட்டன் 1952இலும் 1957இலும் ஸ்காட்லாந்துப் போட்டியை வென்றது ராயல் என்ஃபீல்டு புல்லட் 350இல். அதே குடும்பத்து எஞ்சினைத்தான் 1955 முதல் சென்னைத் திருவொற்றியூரில் பூட்டத் தொடங்கினார்கள். எல்லைக் காவலுக்காக இந்திய இராணுவம் கேட்ட 800 வண்டிகளே அத்தொழிற்சாலை பிறக்கக் காரணமாயின. அந்நாளைய சாலைப் புல்லட்டின் சக்தி 18 குதிரைத்திறன் அளவே. பின்னாளில் நம் ஊரில் புல்லட் என்றாலே பருமனும் மிடுக்கும் கொண்ட பெருவண்டி என்றாகிவிட்டது. ஸ்காட்லாந்தின் சேற்றிலோ அது 500 சிசி வண்டிகளோடு போட்டியிட்ட சிறிய வண்டி.

இனிச் சொல்லப்போவதே இவ்வரலாற்றின் திருப்புமுனை. பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த சாமி மில்லர் அக்காலத்தின் ஈடிணையற்ற ட்ரையல்ஸ் ஓட்டி. 500 சிசி ஏரியல் வண்டியில் 1962, 1964 ஆகிய ஆண்டுகளில் ஸ்காட்லாந்துப் போட்டியை வென்றவர். ஜிஓவி 132 என்ற பதிவெண் கொண்ட அந்த வண்டியைத் தம் கையாலேயே செதுக்கிச் செதுக்கி எடை குறைத்திருந்தார். இனி அதில் குறைக்க ஒன்றுமில்லை என்ற நிலையில், 1964இன் இறுதியில், ஸ்பெயினின் புல்டாக்கோ நிறுவனத்துக்கு ஒரு புதிய வண்டியை உருவாக்கித்தர ஒப்புக்கொண்டார். நிறுவனர் பிரான்சிஸ்கோ புல்டோவின் பண்ணையிலேயே சோதனை நடந்தது. ஏறத்தாழ இரண்டே வாரங்களில் 244 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் பூட்டிய ‘ஷெர்ப்பா டி’ உருவாயிற்று. பழைய வண்டியின் கொள்ளளவில் இது பாதிதான். 1965ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துப் போட்டியை மில்லர் அதில் வென்றார். டூ-ஸ்ட்ரோக் வண்டியொன்றும் பிரிட்டனில் செய்யப்படாத வண்டியொன்றும் அதுவரை அங்கே வென்றதில்லை. அவ்விரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தன.

வென்றவர் மில்லரா, வண்டியா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான ஐயம்தான், இரண்டிலும் வென்றவர் அதே மனிதர். ஆனால் அதற்குப் பின் நடந்தவை ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் புல்டாக்கோ, மாண்டெசா, ஓசா என்னும் ஸ்பானியச் சிறுவண்டிகள் களத்தைக் கைப்பற்றின. 1970, 1971, 1972 ஆகிய மூன்றாண்டுகளும் மிக் ஆண்ட்ரூஸ் ஓசாவில் வென்றார். 500 சிசி ஒற்றைச் சிலிண்டர்கள் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஜிஓவி 132ஐ மில்லர் தாமே வைத்திருந்து காட்சிப்படுத்தினார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் அதே பத்தாண்டில் இதே பாடம் வேறு நிலத்தில் நடந்துகொண்டிருந்தது. கலிபோர்னியாவின் பாலைவனங்களில் அன்று ஓடியவை ‘டெசர்ட் ஸ்லெட்’ எனப்பட்டவை. டிரையம்ப் போன்ற 650 சிசி இரட்டைச் சிலிண்டர் சாலை வண்டிகளின் விளக்குகளையும் தகடுகளையும் கழற்றி, பற்டயர் மாட்டிய உருவங்கள் அவை. நாற்பதுக்கும் மேற்பட்ட குதிரைத்திறனும் 165 கிலோவை ஒட்டிய எடையும் கொண்டவை. திறந்த மணல்வெளியில் அவை பறந்தன. விழுந்தால் தூக்கி நிறுத்துவதற்கே ஆள்பலம் வேண்டும்.

1964ஆம் ஆண்டு கிழக்கு ஜெர்மனியின் எர்ஃபர்ட்டில் நடந்த சர்வதேச ஆறுநாள் போட்டிக்கு ஓர் அமெரிக்கக் குழு டிரையம்ப் வண்டிகளோடு சென்றது. நடிகர் ஸ்டீவ் மெக்வீன், ‘தி கிரேட் எஸ்கேப்’ படத்தின் புகழ்பெற்ற தாவலை உண்மையில் ஓட்டிய பட் எக்கின்ஸ், அவர் தம்பி டேவ் எக்கின்ஸ் ஆகியோர் அதில் இருந்தனர். மெக்வீனும் பட்டும் இடையிலேயே விலக நேர்ந்தது. பட்டின் கால் முறிந்தது. டேவும் கிளிஃப் கோல்மனும் தங்கப் பதக்கம் பெற்றனர். தேசிய அணிகளுக்கான கோப்பையை வென்றவர்களோ எம்இசட் என்னும் எளிய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் வந்த கிழக்கு ஜெர்மானியர். டேவ் எக்கின்ஸ் இதற்கு இரண்டாண்டு முன்பே, 1962இல், வெறும் 250 சிசி ஹோண்டாவில் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தை டிஹுவானாவிலிருந்து லா பாஸ்வரை, 1,500 கிலோமீட்டருக்கும் மேலான பாதையற்ற பாதையை, ஏறத்தாழ 40 மணி நேரத்தில் கடந்து காட்டியிருந்தார். சிறிய வண்டி தாங்காது என்று சொன்னவர்களுக்கு அது முதல் விடை. 1966இல் ஸ்வீடனின் டோர்ஸ்டன் ஹால்மன் 250 சிசி ஹஸ்க்வர்னாவோடு கலிபோர்னியாவுக்கு வந்து, உள்ளூரின் பெரிய வண்டிகளை வரிசையாகப் பின்தள்ளியது இரண்டாவது விடை.

இவ்விடைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது யமஹா. 1968இல் வெளிவந்த டிடி-1, 246 சிசி டூ-ஸ்ட்ரோக். சக்தி 20 குதிரைத்திறனை ஒட்டியது. எடை சுமார் 110 கிலோ. சாலையிலும் ஓட்டலாம், தடத்திலும் ஓட்டலாம். கடைகளில் வந்தவுடன் தீர்ந்துபோயிற்று. ‘டிரெயில் பைக்’ என்ற வகையே இவ்வண்டியோடுதான் நிலைபெற்றது எனலாம். மூன்றாண்டு கழித்துப் புரூஸ் பிரவுன் எடுத்த ‘ஆன் எனி சண்டே’ என்ற ஆவணப்படம் அமெரிக்கக் குடும்பங்களுக்கு இப்பொழுதுபோக்கை அறிமுகப்படுத்தியது. ஆனால் டிடி-1இன் வரலாற்றில் நம் கண்ணை ஈர்ப்பது வேறொன்று. வண்டியோடு கூடவே, சக்தியைக் கூட்டும் உறுப்புத் தொகுப்பையும் யமஹா தனியாக விற்றது: வேறு சிலிண்டர், வேறு கார்புரேட்டர், வேறு புகைக்குழாய். போதுமான சக்தியோடு ஒன்றைச் செய்துவிட்டு, போதாது என்று எண்ணுபவருக்கும் பக்கத்திலேயே விடை வைத்திருந்தார்கள். வாங்குபவர் மனத்தை நன்கறிந்த வணிகம்!

அந்தப் புகைக்குழாயைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கின் பிற்கால வெறித்தனத்துக்கு வேர் அதுவே. எம்இசட் நிறுவனத்தின் பொறியாளர் வால்ட்டர் காடன், எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை அலையைக் கூம்பு வடிவக் குழாயொன்றில் விரியவிட்டு, பிறகு எதிர்க் கூம்பில் மோதித் திரும்பச்செய்தார். சிலிண்டரின் புகைவாயில் மூடுவதற்குச் சற்று முன்னர்த் திரும்பிவரும் அலை, தப்பியோடப் பார்க்கும் புதிய எரிகலவையை உள்ளே தள்ளிவிடும். 1961இல் அவருடைய 125 சிசி பந்தய எஞ்சின் லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற அளவை எட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய ஓட்டி எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்கே தப்பினார். காடனின் நுட்பம் அவரோடு சுசுகிக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டத்தை டெக்னர் சுசுகிக்கு வென்று கொடுத்தார். அங்கிருந்து அது ஜப்பானிய டூ-ஸ்ட்ரோக்குகளின் பொதுச்சொத்தாயிற்று.

ஆனால் அலை திரும்பிவரும் நேரம் குழாயின் நீளத்தைப் பொறுத்தது. ஆகவே ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் அது சரியான கணத்தில் வந்து சேரும். அதற்குக் கீழே எஞ்சின் சோம்பிக் கிடக்கும். அந்த வேகத்தைத் தொட்டவுடன் சவுக்கடி பட்டது போலப் பாயும். ஓட்டிகள் இந்தக் குறுகிய எல்லையை ‘பவர் பேண்ட்’ என்றனர். பந்தயத் திடலில் அது வரம். வேரும் சருகும் நிறைந்த காட்டுத் தடத்தில், சக்கரம் பிடிமானத்தைத் தேடிக்கொண்டிருக்கும் அதே நொடியில் அப்பாய்ச்சல் வந்தால், வண்டி ஒருபுறமும் ஆள் மறுபுறமும் விழ வேண்டியதுதான்.

இப்போக்கின் உச்சம் 1980களின் 500 சிசி டூ-ஸ்ட்ரோக்குகள். ஹோண்டா சிஆர்500, கவாஸாகி கேஎக்ஸ்500 ஆகியவை ஏறத்தாழ 100 கிலோ எடையில் 60 குதிரைத்திறனை ஒட்டிய சக்தியைத் தந்தன. பாஹாவின் திறந்த வெளிகளில் அவற்றுக்கு நிகரில்லை. ஆனால் அவற்றின் ஆக்ஸிலேட்டரை முழுதும் முறுக்கி நீண்டநேரம் ஓட்டக்கூடிய தோள்கள் உலகில் மிகச் சிலரிடமே இருந்தன. அமெரிக்காவின் 500 சிசி தேசிய மோட்டோகிராஸ் போட்டி 1993உடன் நின்றது. 125, 250 சிசி வகுப்புகள் தொடர்ந்தன. மிகப் பெரிய வகுப்பே முதலில் மறைந்தது. தடத்துக்கென்று 500ஐ வாங்கியவர்கள் செய்ததைப் பார்த்தால் சிரிப்பும் இரக்கமும் ஒருங்கே வருகின்றன. சுழற்சி திடீரென எகிறாதிருக்கக் கனமான சுழல்சக்கரம் பூட்டினார்கள். பாய்ச்சலை மட்டுப்படுத்தும் வேறு புகைக்குழாய் மாட்டினார்கள். சக்கரம் வீணே சுழலாமலிருக்க ஸ்ப்ராக்கெட்டை மாற்றினார்கள். பணம் கொடுத்து வாங்கிய சக்தியை மீண்டும் பணம் கொடுத்துக் கட்டிப்போட்டார்கள். எஞ்சின் வேகத்துக்கேற்பப் புகைவாயிலின் உயரத்தை மாற்றும் வால்வுகள் அப்பத்தாண்டில் பரவியபோதும் நோக்கம் அதுவே. உச்சச் சக்தி குறையாமல், அடிவேகத்திலும் இழுவை இருக்க வேண்டும் என்பதற்காகவே அவற்றைப் படைத்தார்கள்.

இதற்கிடையே மண்ணும் தன் கணக்கைத் தீர்க்கத் தொடங்கியிருந்தது. வழுக்கிச் சுழலும் சக்கரம் மேல்மண்ணை உழுதுபோடுகிறது; அடுத்த மழை அதை அள்ளிச்செல்கிறது. பொது நிலங்களில் சாலைக்கு வெளியே ஓடும் வாகனங்களை வரையறுக்கும் ஆணையை அமெரிக்க அதிபர் நிக்சன் 1972 பிப்ரவரியில் பிறப்பித்தார். ஆயிரக்கணக்கானோர் ஒரே கோட்டில் புறப்படும் பார்ஸ்டோ–வேகஸ் பாலைவனப் பந்தயத்துக்கு 1974க்குப் பின் சில ஆண்டுகள் அனுமதி கிடைக்கவில்லை. ஓட்டிகள் இதைச் சுற்றுச்சூழல்வாதிகளின் சதி என்று கோபித்தார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பாலைவன மேற்பரப்பில் பதிந்த தடம் பல பத்தாண்டுகள் மறையாது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுப்பிய கேள்வி அது. தடங்கள் மூடப்படுவதற்குப் பெரிய எஞ்சின்கள் மட்டுமே காரணமல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த அலை புகை விதிகளோடு வந்தது. 1994இல் கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் சாலைக்கு வெளியே ஓடும் மோட்டார் சைக்கிள்களுக்கும் மாசு வரம்பு வகுத்தபோது, எண்ணெயை எரித்து நீலப்புகை கக்கும் டூ-ஸ்ட்ரோக்கின் நாட்கள் எண்ணப்படுவதாகப் பலரும் நம்பினர். அமெரிக்கப் பந்தய விதிகள் அப்போது 250 சிசி டூ-ஸ்ட்ரோக்கோடு 550 சிசிவரை ஃபோர்-ஸ்ட்ரோக் மோத இடம் கொடுத்திருந்தன. 1997இல் லாஸ் வேகஸ் சூப்பர்கிராஸில் டக் ஹென்றி யமஹாவின் 400 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வென்றார். அடுத்த ஆண்டு தேசியப் பட்டத்தையும் கைப்பற்றினார். அதிலிருந்து வளர்ந்த 450 சிசி வண்டிகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட குதிரைத்திறன் கொண்டவை. அகன்ற, வேகமான தடங்களில் அவை உண்மையிலேயே சிறந்தவை. இதை மறுப்பது பிடிவாதம். ஆனால் டக்கார் பந்தயத்தைப் பாருங்கள். 2002இல் ஃபாப்ரிசியோ மியோனி 950 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டியில் அதை வென்றார். பத்தாண்டு முடிவதற்குள், பாதுகாப்புக் கருதி, 2011இலிருந்து 450 சிசிக்கு மேல் கூடாதென்று அமைப்பாளர்களே வரம்பு கட்டினார்கள். உலகின் மிகப் பரந்த பாலைகளிலேயே அவ்வளவுதான் என்றால், புதர் மண்டிய ஒற்றையடிப் பாதைக்கு எதற்கு?

ஒற்றையடிப் பாதையின் கடைசி எல்லை ஆஸ்திரியாவின் எர்ஸ்பெர்க் இரும்புச் சுரங்க மலை. அங்கே 1995 முதல் நடக்கும் போட்டியில் 500 பேர் இறுதிக்குப் புறப்பட்டு, நான்கு மணி நேரத்துக்குள் முடிப்பவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. போலந்தின் டாடி பிளாசுசியாக் 2007இல் இரவல் வாங்கிய டூ-ஸ்ட்ரோக் வண்டியில் அங்கே வந்து வென்று, தொடர்ந்து ஐந்தாண்டுகள் வென்றுகொண்டிருந்தார். அவர் அதுவரை ட்ரையல்ஸ் ஓட்டி. பின்னர் அங்கே பலமுறை வென்ற கிரஹாம் ஜார்விஸும் ஸ்காட்லாந்து ஆறுநாள் போட்டியைப் பலமுறை வென்றவர். சாமி மில்லரின் மரபு. 2015இல் சறுக்கும் ஒரு காட்டுச் சரிவில் முன்னணியில் இருந்த நால்வரும் சிக்கிக்கொண்டனர். ஒருவர் வண்டியை மற்றவர் இழுத்தும் தள்ளியும் மேலேற்றி, நால்வரும் சேர்ந்தே முடித்தார்கள். நால்வரையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவித்தார்கள். அந்நால்வரில் ஜார்விஸும் ஒருவர். நான்கு எஞ்சின்களால் முடியாததை அங்கே எட்டுக் கைகள் செய்தன.

நம் நாட்டில் இவ்வரலாறு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. 2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 சிசியில் 24 குதிரைத்திறனைத் தந்தது. 2023இல் வந்த அடுத்த தலைமுறை 452 சிசியில் 40 குதிரைத்திறனை எட்டியது. இரண்டும் 200 கிலோவுக்குச் சற்றே குறைந்தவை. இரண்டும் சென்னையை அடுத்த ஆலைகளில் பிறந்தவை. 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, இருபதுக்கும் குறைந்த குதிரைத்திறனோடு, எடையிலும் அவற்றைவிட 40 கிலோவளவு குறைந்திருந்தது. நம் பழைய மாணவர் ஒருவர் அந்த 200ஐ விற்றுப் பெரியதை வாங்கலாமா என்று கேட்டபோது, மேற்சொன்ன கதைகளையெல்லாம் பொறுமையாகச் சொன்னோம். சேற்றில் விழுந்த 200 கிலோவைத் தனியாளாகத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றோம். பின் ஸ்ப்ராக்கெட்டில் சில பற்களைக் கூட்டினாலே ஏற்றத்தில் இழுவை கூடும், நல்ல டயர்களுக்கு ஆகும் செலவு புது வண்டியின் விலையில் சிறு பங்குகூட வராது என்றும் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “ஐயா, மலையில ஏற்றதுக்கு இது போதும். சென்னையில இருந்து கொல்லிமலை அடிவாரத்துக்கே 350 கிலோமீட்டர் ஹைவேயில போகணுமே?”

அமெரிக்க ஓட்டி வண்டியை டிரக்கில் ஏற்றித் தடத்தின் வாயிலில் இறக்கிக்கொள்கிறார். நம்மவர் அதே வண்டியில்தான் தடம்வரை போக வேண்டும், திரும்பியும் வர வேண்டும். இங்கே கூடுதல் சக்தியை விலைகொடுத்து வாங்குவது நெடுஞ்சாலைக்காக. சுமப்பது மட்டும் மலையில்.

2021 டிசம்பரில் பார்சிலோனாவின் ஸ்டார்க் நிறுவனம் ‘வார்க்’ என்ற மின்சார டர்ட் பைக்கை அறிமுகப்படுத்தியது. அதன் உச்சம் 80 குதிரைத்திறன், சிஆர்500ஐயும் விஞ்சியது. ஆனால் எத்தனை வேண்டும் என்பதை, வண்டியோடு வரும் கைபேசித் திரையில் ஓட்டியே கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொள்ளலாம். ஒரு 125 சிசி வண்டியைப் போலவும் அதை நடந்துகொள்ளச் செய்யலாம். காட்டுத் தடங்களில் அதைச் சோதித்து எழுதியவர்களில் பலர், எண்பதைப் பாதியளவுக்குக் குறைத்துவைத்தே ஓட்டியிருக்கிறார்கள்.